பதினெட்டு வயதில் ஓட்டு: கடமை முதலில் வந்தது, உரிமை கடைசியில்தான் வந்தது

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்: "பதினெட்டு வயசுல ஓட்டு கொடுத்ததுதான் எல்லாம் கெட்டதுக்குக் காரணம். பழையபடி இருபத்தொண்ணு ஆக்கணும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உரிமை தெரியும், கடமை தெரியாது."

கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் கட்டைவிரலை அழுத்தப் போனேன். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு 1980 ஜனவரி ஞாபகம் வந்துவிட்டது. அழுத்தவில்லை.

1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு வயது 20. ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தேர்தல் பணிக்கு உத்தரவு வந்தது. அப்பா சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, பக்கத்து ஊர் வாக்குச்சாவடியில் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் வரை எதிரே இருந்த புளியமரத்தடியிலேயே காத்திருந்தார். எனக்குக் கொடுத்த வேலை, வருகிறவர்களின் இடதுகை ஆள்காட்டி விரலில் அழியாத மை வைப்பது. அன்று ஒரு நாளில் ஐந்நூறு விரலுக்கு மேல் மை வைத்திருப்பேன்.

என் விரலில் மை இல்லை. எனக்கு ஓட்டு இல்லை. வயது போதாது.

ஒரு பூத் ஏஜென்ட் கேட்டார், "ஏம்மா டீச்சர், நீங்க ஓட்டுப் போட்டாச்சா?" நான் வயதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஊருக்கெல்லாம் மை வைக்கிற வயசு வந்திருச்சு, ஓட்டுப் போடற வயசு வரலையா?" என்றார். அன்று நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை பெரிய வரலாறு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

1875-ல் வெள்ளைக்கார அரசாங்கம் இந்திய வயதுவந்தோர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. ஒருவர் எந்த வயதில் பெரியவர் ஆகிறார் என்பதற்கு அது சொன்ன பதில், 18. நீதிமன்றம் பாதுகாவலர் நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் 21 என்று வைத்தார்கள். அந்த விதிவிலக்கையும் 1999-ல் எடுத்துவிட்டார்கள். மற்ற எல்லோருக்கும் 18 நிறைந்தால் போதும். நிலம் வாங்கலாம், விற்கலாம், பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். கடன் வாங்கினால் கட்டியே ஆகவேண்டும். "நான் சின்னப்பிள்ளை, தெரியாமல் போட்டுவிட்டேன்" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

அதாவது 1875-லேயே 18 வயதுப் பிள்ளையின் தலையில் பெரியவர்களுக்கு உண்டான பொறுப்பை எல்லாம் ஏற்றிவைத்தாகிவிட்டது.

தண்டனையிலும் அப்படித்தான். குதிராம் போஸ் 1889 டிசம்பரில் பிறந்தவர். 1908 ஆகஸ்ட் 11 அன்று முசாபர்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு 19 நிறையவில்லை. பகத்சிங் 1931 மார்ச் 23 அன்று லாகூரில் தூக்கிலிடப்பட்டபோது வயது 23. தூக்குமேடைக்கு அனுப்பும்போது எந்த அரசாங்கமும் "இவன் விவரம் தெரியாத பையன்" என்று சொல்லவில்லை.

ஓட்டு மட்டும் வேறு கணக்கு. 1919 சட்டத்திலும் 1935 சட்டத்திலும் நிலம், வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஓட்டு. கூலிக்காரருக்கும் குத்தகைக்காரரில் பெரும்பாலோருக்கும் அது கிடையாது. 1928-ல் மோதிலால் நேரு தலைமையிலான குழு, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல், சொத்து நிபந்தனை இல்லாமல், 21 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று எழுதியது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பேச்சு என்பதை இன்று நம்மால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 1950-ல் நம் அரசமைப்புச் சட்டம் 326-ஆம் பிரிவில் அதையே உறுதியாக்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில், ஒரே நாளில் எல்லாருக்கும் ஓட்டு. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள்.

அதிலும் ஒரு செய்தி உண்டு. வடநாட்டில் பல பெண்கள் கணக்கெடுக்க வந்தவரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய மகள்" என்று மட்டுமே சொன்னார்கள். அப்படிச் சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. சட்டத்தில் உரிமை இருந்தது. பெயர் பட்டியலில் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி இந்த இடத்துக்கு வருவேன்.

அது சரி, ஏன் 21? பெரியவர் ஆகும் வயது இங்கே 1875 முதல் 18 தானே? அன்று இங்கிலாந்தில் ஓட்டு வயது 21. அமெரிக்காவிலும் 21. அந்தக் காலத்து உலக வழக்கமே அதுதான். நாமும் அதையே வைத்துக்கொண்டோம். இதனால் நம் நாட்டில் 18-க்கும் 21-க்கும் நடுவே மூன்று வருடப் பள்ளம் ஒன்று விழுந்தது. அந்தப் பள்ளத்தில் இருப்பவர் வேலை செய்யலாம், வரி கட்டலாம், ஓட்டுநர் உரிமம் வாங்கலாம், ராணுவத்தில் சேர்ந்து எல்லையில் நிற்கலாம், தப்பு செய்தால் பெரியவர்கள் சிறைக்கே போகலாம். யார் ஆள வேண்டும் என்று மட்டும் சொல்லக்கூடாது.

1978-ல் பெண்ணுக்குத் திருமண வயதை 18 ஆக்கினார்கள். அதுவரை 15. நல்ல சட்டம்தான், நானே அதைப் பற்றி ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். ஆனால் அதன்பிறகும் பத்து வருடத்துக்கு மேல் நிலைமை இதுதான்: ஒரு குடும்பத்தையே தாங்கும் பக்குவம் 18 வயதுப் பெண்ணுக்கு வந்துவிட்டது என்று ஒரு சட்டம் சொல்லும், ஒரு சீட்டில் முத்திரை குத்தும் பக்குவம் வரவில்லை என்று இன்னொரு சட்டம் சொல்லும்.

இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் நம் தமிழ்நாட்டிலும் உண்டு. 1965 மொழிப்போராட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் 1965 ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து 1967 தேர்தலில் ஆட்சியே மாறியது. விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். யார் ஜெயித்தது சரி, யார் தோற்றது தப்பு என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். 1965-ல் 17, 18 வயதில் ஊர்வலம் போன பிள்ளைக்கு 1967-ல் 19 அல்லது 20. ஓட்டு கிடையாது. லத்தியடி வாங்க வயது இருந்தது. ஓட்டுப் போட வயது இல்லை.

இதற்குள் பக்கத்தில் இலங்கை 1959-லேயே ஓட்டு வயதை 21-லிருந்து 18 ஆக்கிவிட்டது. 1960 தேர்தலில் அங்கே 18 வயதுக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். இங்கிலாந்து 1969-ல் மாற்றியது. அமெரிக்கா மாறியதற்கு வியட்நாம் போர் ஒரு முக்கியக் காரணம். 18 வயதுப் பையனைக் கட்டாயமாகப் பிடித்துப் போருக்கு அனுப்புகிறீர்கள், அனுப்புகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு இல்லையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. 1971 மார்ச்சில் அவர்கள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தை, தேவையான மாநிலங்கள் ஜூலை முதல் தேதிக்குள் ஏற்றுக்கொண்டன. சுமார் நூறே நாள்.

நமக்கு 1988 டிசம்பரில்தான் அந்த நாள் வந்தது. ராஜீவ் காந்தி அரசு 61-வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. உலகில் பல நாடுகளில் 18 தான், நம் நாட்டிலேயே சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு 18 வைத்திருக்கின்றன, இன்றைய இளைஞர்கள் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். இரு அவைகளும் நிறைவேற்றின. மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குமேல் ஒப்புதல் கொடுத்தன. 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் மாற்றியது ஒரே இடம்தான். "இருபத்தொரு வயது" என்று இருந்ததை "பதினெட்டு வயது" ஆக்கினார்கள். அந்த ஒரு மாற்றத்துக்கு 1875-லிருந்து 114 வருடம் ஆனது.

இப்போது ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டிசம்பரில் நான் இதற்கு எதிராகத்தான் பேசினேன்.

எனக்கு அப்போது 29. ஆசிரியர் அறையில் பேச்சு நடந்தது. "பதினெட்டு வயசுப் பசங்களுக்கு என்ன தெரியும்? சினிமா போஸ்டருக்குப் பாலை ஊத்துறவன் ஓட்டுப் போட்டா நாடு உருப்படுமா?" என்று கேட்டவள் நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் புளியமரத்துக்கு எதிரே உட்கார்ந்து மை வைத்ததை அடியோடு மறந்துவிட்டேன். இருபது வயதில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கட்டியதையும் மறந்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் சத்துணவு ஆயாவாக இருந்த அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எம் மவன் பதினாறு வயசுலேருந்து திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கான் டீச்சர். அவன் அனுப்புற காசுலதான் வீட்டுல உலை கொதிக்குது. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டேன்.

1989 நம் தமிழ்நாட்டுக்கு ஒரு விசித்திரமான வருடம். ஒரே வருடத்தில் இரண்டு தேர்தல், இரண்டு வயது. ஜனவரி 21-ல் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 18 போதும். பொங்கல் சமயத்தில் ஓட்டு இல்லாதிருந்த பிள்ளை கார்த்திகை மாதத்தில் வாக்காளர். 1984-ல் நாட்டில் சுமார் 40 கோடி வாக்காளர்கள். 1989-ல் கிட்டத்தட்ட 50 கோடி. அந்தக் கூடுதல் முழுவதும் வயதுக் குறைப்பால் வந்ததில்லை என்றாலும், பட்டியல் அப்படிப் பெருத்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அந்த நவம்பரில் எனக்கு மறுபடி மை வைக்கும் வேலை. மத்தியானம் ஒரு பெண் வந்தது. பட்டியலில் வயது 19. இடுப்பில் கைக்குழந்தை. பின்னாலேயே மாமியார். அந்த அம்மா கொஞ்சம் சத்தமாகவே, "நான் சொன்னதுலதான் குத்தணும், தெரியுதா?" என்றார். தலைமை அலுவலர் மாமியாரைத் தள்ளி நிற்கச் சொன்னார். மறைப்புக்குள் ஒருவர்தான் போகலாம்.

அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "டீச்சர், ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறீங்களா?" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனது. நெடுநேரம் வரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு கேட்டது. வெளியே வந்தபோது சீட்டை மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தது. "மடிச்சது சரியா டீச்சர்? மை ஒட்டி வீணாயிடாதே?" என்று கேட்டது. பிரித்துக் காட்ட வந்தது. "காட்டக் கூடாதும்மா. நீ யாருக்குப் போட்டேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அப்படியே பெட்டியில போடு" என்றேன்.

"யாருக்குமேவா?" என்று கேட்டது. மாமியார் நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு போட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டு போகும்போது அதன் சட்டையில் என் விரல் மை ஒட்டியிருந்தது.

அந்தப் பெண் யாருக்குப் போட்டதோ எனக்குத் தெரியாது. மாமியார் சொன்னதற்கே போட்டிருக்கலாம். ஆனால் சீட்டு வீணாகக் கூடாதே என்று அது கவலைப்பட்டது பாருங்கள், அதுதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. சீட்டு கைக்கு வந்தபிறகு வந்தது. நீச்சல் தெரிந்தபிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும் என்றால் ஒருவரும் நீச்சல் கற்கமாட்டோம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன், வகுப்புத் தலைவனாக ஆக்கியபிறகுதான் சில பிள்ளைகள் ஒழுங்காகும்.

அந்தத் தேர்தல் முடிவையும் சொல்ல வேண்டும். வயதைக் குறைத்த ராஜீவ் காந்தியின் கட்சி 1984-ல் 400-க்கு மேல் இடம் பிடித்திருந்தது. 1989-ல் 197-க்கு இறங்கி ஆட்சியை இழந்தது. தமிழ்நாட்டில் அதே கட்சியின் கூட்டணி 39-ல் 38 இடம் ஜெயித்தது. இதிலிருந்து எனக்குப் புரிந்தது, இளைஞர்கள் ஓட்டு என்று தனியாக ஒரு மந்தை இல்லை. கொடுத்தவருக்கு நன்றிக்கடனாகத் திருப்பித் தருவதற்கு அது கைமாற்றும் இல்லை. பெரியவர்களைப் போலவே அவர்களும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு வேறாகத்தான் யோசிக்கிறார்கள்.

சரி, "கடமை தெரியாது" என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். நம் அரசமைப்பில் அடிப்படைக் கடமைகள் என்ற பகுதி 1950-ல் இல்லை. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தம் பத்துக் கடமைகளைச் சேர்த்தது. 2002-ல் பதினொன்றாவதாக ஒன்று வந்தது: 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குப் படிக்க வாய்ப்புத் தருவது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கடமை. கவனியுங்கள், கடைசியாகச் சேர்ந்த கடமை பெரியவர்களுக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. ஓட்டுப் போடுவது அந்தப் பதினொன்றில் கிடையாது. வரி கட்டுவதையும் சேர்க்கச் சொல்லி ஸ்வரண் சிங் குழு பரிந்துரைத்தது, அதுவும் சேரவில்லை. ஆகவே ஓட்டு நம் நாட்டில் யாரும் கட்டாயப்படுத்தாத ஒன்று. போடாவிட்டால் அபராதம் இல்லை. அதனாலேயே அது முழுக்க முழுக்க நம் பொறுப்பாகிறது.

இளைஞர்களிடம் நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான். 2024 தேர்தலுக்கு முன் 18, 19 வயதில் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் சுமார் 1.8 கோடி என்று தேர்தல் ஆணையம் சொன்னது. நம்மைப் போன்ற மக்கள்தொகை உள்ள நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகள் இதைவிட மிக அதிகம். மற்றவர்கள் பெயரைச் சேர்க்கவே இல்லை. என் பேரனும் அந்த ரகம்தான். 18 முடிந்து மாதங்கள் ஆகின்றன. கேட்டால், "ஒரு ஓட்டுல என்ன பாட்டி ஆயிடப் போகுது?" என்றான்.

2004-ல் கர்நாடகாவில் சந்தேமரஹள்ளி என்ற தொகுதி, 2008-ல் ராஜஸ்தானில் நாத்துவாரா என்ற தொகுதி. இரண்டிலும் சட்டமன்றத் தேர்தல் முடிவு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான். இதைச் சொன்னேன். பிறகு, பெயர் சொல்லாததால் பட்டியலிலிருந்து போன அந்த 28 லட்சம் பெண்களின் கதையையும் சொன்னேன். "அவங்க பேரைச் சொல்ல ஊர் விடலை. உன்னை யாருடா தடுத்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த ஃபார்ம் பாட்டி?" என்றான்.

படிவம் 6. முன்பெல்லாம் ஜனவரி முதல் தேதிக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்கும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முதல் தேதிகள் உண்டு. 17 நிறைந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 21 ஆனால் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் போட்டியிடலாம். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நிற்க 25. அதையும் குறைக்க வேண்டுமா என்பது அடுத்த தலைமுறை பேச வேண்டிய விஷயம். ஆஸ்திரியாவில் 2007 முதல் ஓட்டு வயதே 16. நாம் 21-க்குத் திரும்பிப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப் குழுவில் நண்பருக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதினேன்: "அண்ணே, அந்தப் பிள்ளைங்களுக்குக் கடமையை 1875-லேயே கொடுத்துட்டோம். உரிமையைத்தான் 1989 வரைக்கும் நம்மகிட்டயே வச்சிருந்தோம். திரும்ப வாங்கறதா இருந்தா ரெண்டையும் சேர்த்து வாங்குங்க. பதினெட்டு வயசுப் பிள்ளை சம்பாதிச்ச காசும் வேண்டாம், எல்லையில நிக்கவும் வேண்டாம்னு சொல்லுங்க. அப்ப நானும் கட்டைவிரல் போடறேன்."

அதற்கு யாரும் கட்டைவிரல் போடவில்லை. ஒருவர் மட்டும் இரவு தனியாகப் போன் செய்தார். தன் பேத்திக்குப் படிவம் 6 எப்படி நிரப்புவது என்று கேட்டார்.

என் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் வீட்டில் 17 முடிந்த பிள்ளை இருந்தால் இன்றே கேளுங்கள், பெயர் சேர்த்தாயிற்றா என்று. யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். மறைப்புக்குள் ஒருவர்தான் போகலாம்.